பாறை எப்படி அக்கா சாகும்?

கீழக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் நாங்கள் எடுத்த ஐந்து நிமிட வீடியோவைப் போட்டுக் காட்டினோம். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்த கதை. முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "பாறை எப்படி அக்கா சாகும்?"

படம் முழுக்க 'பவளப்பாறை' என்றே சொல்லியிருந்தோம். அது உயிர்களின் கூட்டம் என்று எங்கோ ஒரு வரி வந்துபோகும். அது போதும் என்று நினைத்தது எங்கள் தவறு. பிள்ளைகளுக்குப் பாறை என்றால் பாறைதான்.

மறுபடி எடுத்தோம். இந்த முறை கடலுக்குள் போகவில்லை. இந்தக் கரையில் பவளக் கல் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் உண்டு. பூச்சு உதிர்ந்த ஒரு சுவருக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, ஆளுக்கொரு லென்ஸ் கொடுத்தோம். கல் முழுக்கக் குட்டிக் குட்டிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள், பூவிதழ் விரிந்த மாதிரி. "ஒரு குழி, ஓர் உயிர் இருந்த வீடு. கடல் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அதுவே கட்டியது" என்றோம். ஒரு பையன் விரல் நுனியை வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் சொல்வது சுலபமாயிற்று. அந்த உயிரின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்து வீட்டுக்காரருக்கும் சாப்பாடு போடுகிறது. கடல் சூடேறினால் பாசி வெளியேறுகிறது. நிறமும் போகும், சாப்பாடும் போகும். வெளுத்த உடனே செத்துவிடாது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், நீடித்தால் பட்டினிதான். முதல் படத்தில் இதையும் விட்டிருந்தோம்.

குழந்தைகளுக்கு அறிவியல் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். 'வீட்டில் தம்பிக்கு எப்படிச் சொல்லுவே?' என்று கேளுங்கள். நம் படத்தில் ஓட்டை எங்கே என்று அப்போது தெரியும்.

ஓர் உயிருக்கு ஊரில் வழங்கும் பெயரை முதலில் சொல்லுங்கள். 'கடல்பசு' என்றால் ஏதோ தூரத்து விலங்கு. அதையே 'ஆவுளியா' என்றால் "எங்க தாத்தா பார்த்திருக்காரு" என்று கை தூக்குகிறார்கள். வெளிநாட்டுக் கடலின் காட்சிகளை வாங்கி ஒட்டுவதும் வேண்டாம், இவர்கள் மீனை அடையாளம் தெரிந்த பிள்ளைகள்.

இன்னொன்று எனக்கு ரொம்ப முக்கியம். மீனவரை வில்லனாகக் காட்டும் படத்தை மீனவர் பிள்ளை எப்படிப் பார்க்கும்? ஆவுளியா மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், வலையில் மாட்டினால் மூச்சடைத்துச் சாகும். இதைச் சொல்லியே ஆக வேண்டும். கூடவே, பாக் விரிகுடாப் பக்கம் வலையை அறுத்து அதை விட்ட மீனவர்களையும், அவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்ததையும் சொல்லுங்கள்.

நாங்கள் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அறுத்த வலைக்கு யாரு காசு தருவா?"

அடுத்த படம் அவன் கேள்வியில்தான் தொடங்குகிறது.