கப்பலில் டாக்டர் இருப்பார், தெருமுனை மெடிக்கல் ஷாப் இருக்காது

சென்னைக்காரர்களுக்குக் கப்பல் பயணம் என்றால் ரொம்ப நாள் வரை அந்தமான் கப்பல்தான். 2022 ஜூனில் நம் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கியது. அடுத்த வருடம் இலங்கைக்கும் போய் வந்தது. அதற்கப்புறம் என் கிளினிக்கில் "டாக்டர், க்ரூஸ் போறோம்" என்று வந்து உட்காருகிறவர்கள் கூடிவிட்டார்கள். சிலர் இங்கேயே ஏறுகிறார்கள், சிலர் சிங்கப்பூர் போய் ஏறுகிறார்கள், பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் மயாமி. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகளே டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம், போய் வரட்டும். ஆனால் அந்த வயதில் ஷுகர், பி.பி. இல்லாத வீடு குறைவு. சிலருக்கு இதயத்தில் ஸ்டென்ட்டும் இருக்கும். அவர்களையும் அவர்களுக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் வாழ்ந்து பழகிய நமக்கு ஒரு தைரியம் உண்டு. மாத்திரை தீர்ந்தால் கடைப் பையன் வீட்டுக்கே கொண்டுவந்து தருவான். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிசைந்தால் ஆட்டோ பிடித்தாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். இந்தத் தைரியத்தை அப்படியே பெட்டியோடு கப்பலுக்கும் எடுத்துப் போகிறார்கள். "அங்கேயும் டாக்டர் இருப்பாராமே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில்.

இருப்பார். பெரிய கப்பல்களில் டாக்டர், நர்ஸ், ஈசிஜி, ஆக்சிஜன், டிரிப்ஸ், அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. பலவற்றில் எக்ஸ்-ரே கூட எடுக்கலாம். மாரடைப்பு வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். ஆனால் ஆஞ்சியோகிராம் செய்ய முடியாது. பெரிய அறுவை சிகிச்சை கிடையாது. ரத்த வங்கி இருக்காது, டயாலிசிஸும் பொதுவாக இருக்காது. நோயாளியின் நிலைமையைத் தாக்குப்பிடிக்க வைத்து அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதுதான் அவர்கள் வேலை. அவசரம் என்றால் ஹெலிகாப்டர் கேட்பார்கள். அது வருவதற்குக் கப்பல் கரையிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தாலே நெஞ்சு இறுக்கமாகிறவர்கள், படுத்தால் மூச்சு வாங்குகிறவர்கள் ஆகியோரிடம் நான் தேதியைத் தள்ளிப் போடச் சொல்வது இதனால்தான். கர்ப்பிணிகளை 24 வாரம் ஆனபின் பெரும்பாலான கப்பல் நிறுவனங்களே ஏற்றுவதில்லை.

கப்பலில் வைத்தியம் இலவசமும் இல்லை. பில் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், கார்டில் கழியும். நாம் இங்கே கட்டும் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் வெளிநாட்டுச் செலவுக்கு வராது. தனியாகப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஷுகர், பி.பி., பைபாஸ் எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறுமே என்று மறைத்தால், பணம் தேவைப்படும் நேரத்தில் அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள். அவசரமாகக் கப்பலிலிருந்து கரைக்கு மாற்றும் செலவு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

அடுத்தது மாத்திரை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிளம்புவதற்கு முன் தன் மாத்திரைகளை என்னிடம் காட்டினார். பிளாஸ்டிக் டப்பாவில் அட்டைகளைக் கத்தரித்து ஒவ்வொரு மாத்திரையாகப் போட்டிருந்தார். இடம் அடைக்காமல் இருக்க அவராகச் செய்த ஏற்பாடு. பெயரும் இல்லை, எத்தனை மில்லிகிராம் என்பதும் இல்லை, வெள்ளி நிறத் துண்டுகள் மட்டும் இருந்தன. "எனக்குத் தெரியுமே டாக்டர், சின்னது காலையில, பெருசு ராத்திரி" என்றார். அம்மா, நீங்கள் நினைவோடு இருக்கும்வரை அது சரி. மயங்கிக் கிடந்தால் அந்த டப்பாவைப் பார்த்துக் கப்பல் டாக்டர் என்ன புரிந்துகொள்வார்? அவர் பிலிப்பைன்ஸிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். நம் ஊர் பிராண்டு பெயர் அவருக்குத் தெரியாது. அதிலும் நாம் சாப்பிடும் ஷுகர் மாத்திரைகள் பல, இரண்டு மூன்று மருந்தை ஒன்றாகச் சேர்த்தவை. வெளிநாட்டில் அந்தச் சேர்க்கையே கிடைக்காமல் போகலாம்.

அதனால் மாத்திரை அட்டையை முழுதாக எடுத்துப் போங்கள். மருந்தின் மூலப் பெயர், அளவு, எதற்காக என்று உங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த ஈசிஜியின் நகலும் அதோடு இருக்கட்டும். உங்கள் ஈசிஜியில் பழைய மாறுதல் ஏதாவது இருந்தால், அதைப் புது மாரடைப்பு என்று கப்பல் டாக்டர் பதறாமல் இருக்க அந்த ஒரு தாள் போதும். இதையெல்லாம் போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கப்பல் ஏறும்போது பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலமோ ராத்திரியோ ஆகலாம். விமானத்தில் அடியில் போகும் பெட்டியில் இன்சுலினை வைத்தால் குளிரில் உறைந்துபோகும் அபாயம் உண்டு. உறைந்த இன்சுலின் திரும்ப இளகினாலும் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனாவை ஏசி கேபினில் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்காவது கூடுதலாக எடுத்துப் போங்கள். புயலால் கப்பல் திரும்பும் நாள் தள்ளிப் போனால் கடலில் கடை கிடையாது.

சிங்கப்பூரில் ஏறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முன்அனுமதி வாங்க வேண்டும். நம் ஊரில் சாதாரணமாகக் கைப்பையில் கிடக்கும் மாத்திரை அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. கசகசாவும் அங்கே தடை. குருமாவுக்கு அரைத்த பொடியில் அது இருந்தாலும் எடுத்துப் போகாதீர்கள். பயணத்தில் நாக்குக்குச் சாதம் கேட்குமே என்று குட்டி ரைஸ் குக்கர், மின்சாரக் கெட்டில், அயர்ன் பாக்ஸ் வைப்பவர்களும் உண்டு. ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேபினில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி கூடாது. நடுக்கடலில் தீ என்றால் ஓட இடமில்லை, அதனால்தான் அந்தக் கண்டிப்பு.

வாந்தியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நம் வங்கக் கடல் ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு சாதுவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் இதைப் பாருங்கள். கேபின் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கிடைத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். காது சொல்லும் அசைவும் கண் பார்க்கும் காட்சியும் பொருந்தாதபோதுதான் குமட்டல் வருகிறது. அதனால் போனைப் பார்க்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தபடி நில்லுங்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "வாந்தி மாத்திரை" என்று கேட்டால் பெரும்பாலும் ஆன்டான்செட்ரான் தருகிறார்கள். வயிற்றுக் கோளாறால் வரும் வாந்திக்கு அது நல்ல மருந்து. கப்பல் ஆட்டத்தால் வரும் குமட்டலைத் தடுக்க அதனால் பெரிய பலன் இல்லை. அதற்கு அவோமின் என்று நம் ஊரில் கிடைக்கும் புரோமெதசின், அல்லது டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் வகை மருந்துகள்தான் சரி. வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு, ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். இவை தூக்கத்தைக் கொடுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம், கண்ணில் அழுத்தம் கூடும் கிளாக்கோமாவில் சில வகைகளுக்கும் ஆகாது. டாக்டரைக் கேட்டுவிட்டு, கிளம்புவதற்கு முன் ஒரு நாள் வீட்டிலேயே ஒன்று போட்டுப் பாருங்கள்.

இதைவிட நான் பயப்படுவது வயிற்றுப்போக்குக்குத்தான். நோரோவைரஸ் என்ற கிருமி கப்பலில் வேகமாகப் பரவும். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி தொடங்கும். சாப்பாட்டு அறை வாசலில் சானிடைசர் வைத்திருப்பார்கள், அதைத் தேய்த்துக்கொண்டு நிம்மதியாக உள்ளே போய்விடுகிறோம். இந்தக் கிருமியிடம் சானிடைசர் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். பஃபேயில் சாதக் கரண்டி, சாம்பார்க் கரண்டி என்று நூற்றுக்கணக்கானவர்கள் பிடித்ததைப் பிடித்துப் பரிமாறிக்கொள்கிறோம். அப்புறம் அதே கையால் பிசைந்து வாயில் வைக்கிறோம். வாசலில் கழுவிய கை கரண்டியைத் தொட்டதுமே அழுக்காகிவிட்டது. தட்டில் எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தபின் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் அந்த நாலு நாளைக்கு ஸ்பூனில் சாப்பிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்புவது பிள்ளைகளின் பொறுப்பு.

பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்துக்கொண்டே இருங்கள், நாலைந்து பாக்கெட் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். ஷுகர், பி.பி. உள்ளவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற ஷுகர் மாத்திரைகள், டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகள், நீர் பிரிக்கும் மாத்திரை ஆகியவற்றை வழக்கம்போலப் போட்டுக்கொண்டே போனால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இரண்டும் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடவும் கூடும். சாப்பிடாமல் கிளிமெபிரைடு என்ற ஷுகர் மாத்திரையை மட்டும் போட்டால் ஷுகர் தடாலென்று இறங்கிவிடும். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் பயந்துபோய் அதை மொத்தமாக நிறுத்தவும் கூடாது. வாந்தி பேதி நாளில் எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று உங்கள் டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் குறைவு, நாங்களும் நேரமின்மையில் எல்லோருக்கும் சொல்லிவிடுவதில்லை.

உடம்பு சரியில்லை என்றால் கேபினிலேயே அடைத்துவிடுவார்கள் என்று பயந்து சிலர் சொல்லாமல் மறைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்து மேஜையில் கீமோ முடித்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம், கைக்குழந்தையோடு ஒருத்தி இருக்கலாம்.

சாப்பாடு எந்நேரமும் கிடைக்கும் என்பதால் இனிப்பைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு உப்புதான் முதல் எதிரி. சூப், சாஸ், ஊறுகாய், சீஸ் என்று மூன்று நாள் போனால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். கால் வீக்கத்தைத் தினமும் அழுத்திப் பாருங்கள்.

அப்புறம், பாதுகாப்புப் பயிற்சி. கப்பல் கிளம்புமுன் ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டுவது என்று காட்டுவார்கள். "முழங்கால் வலி, நான் கேபினிலேயே இருக்கேன்" என்று பெரியவர்கள் நழுவப் பார்ப்பார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த பயணிகளுக்கு இந்தப் பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. அதன் பிறகுதான் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. ஏழு குட்டை ஒலி, அதற்குப் பின் ஒரு நீண்ட ஒலி கேட்டால் அது ஆபத்து அறிவிப்பு. மூட்டு வலி உள்ளவர்கள் ஏறிய அன்றே படிக்கட்டு எங்கே என்று நடந்து பாருங்கள், ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது. ஒரு நாளைக்கான மாத்திரை, மூக்குக் கண்ணாடி, பாஸ்போர்ட் நகல் மூன்றையும் சின்னப் பையில் போட்டுக் கட்டில் ஓரம் மாட்டி வையுங்கள். கேபின் குளியலறை வாசலில் படி போல உயர்ந்திருக்கும், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தடுக்கி விழுந்து இடுப்பு உடைவது அங்கேதான். சின்ன டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும் நாளிலும் அந்தச் சின்னப் பை கூடவே வரட்டும். நீங்களாக டாக்ஸி பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. மாத்திரையெல்லாம் கேபினில் இருக்க, கப்பல் கிளம்பிவிட்டால் அந்த ராத்திரியைச் சமாளிப்பது கஷ்டம்.

ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் டாக்டரிடம் கப்பலில் போய் வந்ததை முதலிலேயே சொல்லுங்கள். வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சரியாகப் பராமரிக்காத தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளில் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி இருக்கக்கூடும். வழக்கமாக எழுதும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது.