ட்ரோல்: கேலியா, வம்பிழுப்பா?

‘அமைச்சரை ட்ரோல் செய்த நெட்டிசன்கள்’ என்று தலைப்பு வந்தால், கேலி செய்திருக்கிறார்கள் என்றே புரிந்துகொள்கிறோம். இணையத்தில் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தபோது கேலியைக் குறிக்கவில்லை. ஓடும் படகின் பின்னால் தூண்டில் கயிற்றை இழுத்தபடியே மீன் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் பழைய ஆட்கள் தெரிந்தே ஓர் அசட்டுக் கேள்வியைப் போடுவார்கள். விவரம் தெரியாத புதியவர் பாய்ந்து வந்து திருத்துவார், மாட்டிக்கொள்வார். ஸ்காண்டிநேவியக் கதைகளின் ட்ரோல் என்ற பூதமும் இதோடு ஒட்டிக்கொள்ள, செய்கிறவருக்கும் அதே பெயர் ஆயிற்று.

எதிராளியை வாய்திறக்க வைப்பதுதான் நோக்கம். சிரிப்பு வெறும் இரை. அரசியல்வாதிகளின் பதிவுகளில் இது பளிச்சென்று தெரியும். 2016 ஜூன் 9 அன்று, அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்பை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டனுக்கு அப்போதைய அதிபர் ஒபாமா ஆதரவு தெரிவித்ததை டிரம்ப் ட்விட்டரில் நக்கலடித்தார். ஹிலாரி கணக்கிலிருந்து மூன்றே சொல்லில் பதில் வந்தது: ‘உங்கள் கணக்கை அழித்துவிடுங்கள்.’ கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றே டிரம்ப் திருப்பிக் கேட்டார்: இதை யோசிக்க உங்கள் 823 ஊழியர்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது, நீங்கள் அழித்த 33,000 மின்னஞ்சல்கள் எங்கே? வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அரசுப் பணிக்குத் தனி மின்னஞ்சல் சர்வரைப் பயன்படுத்தியதாக ஹிலாரியை உறுத்திக்கொண்டிருந்த விவகாரத்துக்கு ‘அழி’ என்ற சொல்லை அவர் தரப்பே எடுத்துக் கொடுத்துவிட்டது!

2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியா ஆளுநர் நியூசமின் ஊடக அலுவலகம் வேறு வழியில் போனது. முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து, கூச்சமில்லாத தற்புகழ்ச்சி, முடிவில் தலைப்பெழுத்துக் கையொப்பம் என்று அப்படியே டிரம்ப் பாணியில் பதிவுகள் போட்டது. அந்தப் பாணியைப் போலச் செய்ததே கேலியாயிற்று. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை, அதாவது வசைச் செய்யுளை, இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக வைதால் செம்பொருள், மறைத்து வைதால் பழிகரப்பு. ஹிலாரியுடையது முதல் வகை, நியூசமுடையது இரண்டாவது.

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் தாம் நடனமாடுவது போன்ற அனிமேஷன் காணொளியைத் தாமே பகிர்ந்து, தாமும் ரசித்ததாக மோடி எழுதினார். இது ட்ரோலே அல்ல. யாரையும் உசுப்பிவிடவில்லை, கேலி செய்ய வந்தவர்களுக்கு வேலை இல்லாமல் செய்ததுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கலாய்த்தல்’ என்பார்கள் இளைஞர்கள். பழைய அகராதிகளில் அதற்குச் சண்டையிடுதல், சினத்தல் என்றுதான் பொருள். இன்றோ நண்பர்களுக்குள் நடக்கும் கிண்டலாக இளகிவிட்டது. ‘சீண்டல்’ பரவாயில்லை, ஆனால் அந்தச் சொல் இன்று பாலியல் குற்றச் செய்திகளோடு பிணைந்துவிட்டது. என் ஓட்டு ‘வம்பிழுத்தல்’ என்பதற்கே. எதிராளியை இழுத்துவிடும் வேலை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வம்பு என்றால் நிலையின்மை என்கிறது தொல்காப்பிய உரியியல். பருவம் தப்பிப் பெய்வது வம்ப மாரி. சண்டைக்கு இழுக்கும் பொருள் பிறகு வந்தது.

செய்பவரை வம்புக்காரர் எனலாம். ‘அமைச்சர் ட்ரோல் ஆனார்’ என்று வரும் இடத்தில் மட்டும் வம்பு வேண்டாம். அங்கே ‘கேலிக்கு ஆளானார்’ என்பதே சரி.