வயிற்றுப்போக்குக்குக் கொடுத்த ஜிங்க் மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டீர்களா?

"வயிறு நிறையத்தான் சாப்பிடுறான் டாக்டர், ஆனா எப்பவும் சோர்ந்தே கிடக்கிறான்." குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவராக நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு இது. எடையில் பெரிய குறை இருக்காது. கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும், உள்ளங்கையும் அப்படியே. வயிறு நிறைவது வேறு, இரும்பும் துத்தநாகமும் (அதுதான் ஜிங்க்) அயோடினும் வைட்டமின் ஏ-யும் உடம்பில் சேர்வது வேறு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏழை நாடுகளில்தான் பாதிப்பு அதிகம்.

இதைச் சரிசெய்ய ஏகப்பட்ட பணம் வேண்டும் என்று நினைக்கிறோம். இல்லை. உப்பில் அயோடின் சேர்க்க ஆளுக்கு ஆண்டுக்குச் சில சென்ட் போதும். பிரசவத்தில் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்தால் குழந்தைக்குக் கூடுதல் இரும்பு போய்ச் சேர்கிறது, அதற்குச் செலவே கிடையாது. வைட்டமின் ஏ கதை இன்னும் சுவாரசியம்: மாலைக்கண்ணை ஆராயப் போன கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சோமரின் குழு, இந்தோனேசியாவின் அச்சேயில் சில மாத இடைவெளியில் இரண்டு தவணை கொடுத்துப் பார்த்தது. மருந்து கிடைத்த கிராமங்களில் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1986-ல் அதை வெளியிட்டபோது பலர் நம்பவே இல்லை.

சரி, இவ்வளவு மலிவென்றால் எங்கே இடிக்கிறது? பாதியில் நிறுத்துவதில்தான். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-லேயே அறிவித்துவிட்டன. அந்த அறிவிப்பின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட வயதுக்கு 20. ஆனால் மூன்றாம் நாள் போக்கு நின்றதும் மாத்திரையும் நின்றுவிடுகிறது. அம்மாக்களைக் குறை சொல்ல மாட்டேன். போக்கு நின்ற பிறகும் ஏன் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதே இல்லை. போக்கில் வெளியேறிய துத்தநாகத்தை ஈடுகட்டவும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் போக்கு திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளவும்தான் மிச்ச நாட்கள். இப்போது சீட்டின் பின்பக்கம் 14 கட்டம் வரைந்து தருகிறேன், தினம் ஒன்றை அடிக்கச் சொல்லி. அரை நிமிட வேலை, ஆனால் கட்டங்கள் நிரம்பித்தான் திரும்பி வருகின்றன.

வைட்டமின் ஏ-யும் அப்படித்தான். ஒரு வயதுக்கு மேல் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியது, முதல் தவணையோடு மறந்துபோகும். அதற்காக விட்டுப்போனதைச் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக் கூடாது, அளவு மீறினால் அதுவே கெடுதல்.

இரும்பில் மட்டும் அவசரம் வேண்டாம். மலேரியா உள்ள பகுதிகளில், மலேரியாவுக்கான தடுப்பும் சிகிச்சையும் இல்லாமல் எல்லாக் குழந்தைக்கும் இரும்பு கொடுத்தால் ஆபத்து. வெளுத்திருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக் குழந்தையின் டானிக்கை வாங்கி ஊற்றாதீர்கள், முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.