கவாத்தா, மொட்டையா?

டிசம்பர் பிறந்தால் தில்லி ஆர்.கே. புரத்தில் எங்கள் பிளாக்கில் ஒரு பேச்சு கிளம்பும். "வேப்பமரத்தைக் கவாத்து பண்ணச் சொல்லுங்கோ, பால்கனிக்கு வெயிலே வரலை." மே மாதம் அதே மாமிதான் அந்த நிழலில் நின்று காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுவார். சரி, அது இருக்கட்டும்.

போலீஸ் மைதானத்தில் நடக்கும் அணிவகுப்புப் பயிற்சிக்கும் கவாத்து என்றுதான் பெயர். அது அரபு மொழியின் ‘கவாயித்’, அதாவது விதிமுறைகள். உருது வழியாக நம்மிடம் வந்தது. இந்திச் செய்திகளில் அடிக்கடி காதில் விழும் ‘கவாயத்’தும் அதே ஆள்தான். தேயிலை, கொய்யா, மல்லிகைத் தோட்டங்களில் கவாத்து என்றால் கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்துவது. எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தேயிலைக்கு அது பொருந்தும். தெருவோர வேம்புக்கு?

மரத்துக்குக் ‘கிளை கழித்தல்’ என்பதே என் தேர்வு. காய்ந்தது, உரசுவது, விளக்கை மறைப்பது என்று வேண்டாததை மட்டும் எடுப்பது கழித்தல். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த மடிப்பு இருக்கும். அதைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே வெட்டினால் புண் தானாக மூடும்.

ஆனால் எங்கள் வாசலில் போன ஜனவரியில் நடந்தது மொட்டையடித்தல். லாரி போனபின் ஒரு தண்டும் நாலு முண்டுகளும் மிச்சம். மார்ச்சில், வெட்டிய முனைகளில் துடைப்பம்போலக் கொத்துக் கொத்தாகத் துளிர், எல்லோருக்கும் சந்தோஷம். அவை பட்டைக்கு அடியிலிருந்து கிளம்பியவை, உள்மரத்தில் பிடிப்பு கிடையாது. தடித்துப் பருத்தபின் ஆந்தி அடித்தால், அதுதான் இங்கத்திய புழுதிப் புயல், முதலில் முறிவது அவைதான்.

1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவு. ‘மரத்தை வீழ்த்துதல்’ என்பதற்கு அது தரும் விளக்கத்தில் வேரோடு பிடுங்குவது மட்டுமில்லை. கிளை தறிப்பது, மொட்டையடிப்பது, பட்டையை வளையமாக உரிப்பது, எரிப்பது எல்லாம் அடக்கம்.

இந்த டிசம்பரில் பிளாக் வாட்ஸப் குழுவில் ‘கவாத்து’ என்று வந்ததை ‘கிளை கழிக்க’ என்று திருத்திப் போட்டேன். மாமி உடனே கேட்டார்: "கழிச்சா வெயில் வருமோல்லியோ?"