படபடன்னு வந்தா மூச்சுப் பயிற்சிக்கு முன்னாடி சுகரைப் பாருங்க

"மாத்திரை கரெக்டா போடுறேன், சோறும் குறைச்சாச்சு, அப்பவும் ஃபாஸ்டிங் 180 காட்டுதே டாக்டர்"னு ரிப்போர்ட்ட நீட்டுறவங்ககிட்ட நான் அடுத்து கேக்குறது ராத்திரி தூக்கம் எப்படி, வீட்ல ஏதாச்சும் டென்ஷனான்னுதான். சிலருக்கு அங்கயே கண்ணு கலங்கிடும், கடன், பையன் வேலை, மாமியார் ஆஸ்பத்திரி செலவுன்னு கொட்டிடுவாங்க. டென்ஷன்ல அட்ரினலின், கார்ட்டிசோல்ங்கிற ஹார்மோன்லாம் ஏறும், அது கல்லீரல்ல இருக்குற சர்க்கரைய ரத்தத்துல இறக்கி விட்டுடும், இன்சுலினையும் ஒழுங்கா வேலை செய்ய விடாது, அதனால ஒண்ணும் சாப்பிடாமலே சுகர் ஏறும்.

இதுக்குத்தான் மெதுவா மூச்சு விடச் சொல்றது. சாதாரணமா நிமிஷத்துக்கு 12லேர்ந்து 20 தடவை மூச்சு விடுறோம், அத 6க்கு கொண்டு வந்தா உடம்ப அமைதிப்படுத்துற வேகஸ் நரம்பு வேலை செஞ்சு நெஞ்சுத் துடிப்பு அடங்கும். பத்மாசனம்லாம் வேணாம், முட்டி வலிக்காரங்க நாற்காலியிலயே உக்காந்து வயித்து மேல ஒரு கை வச்சுக்கோங்க, மூக்கு வழியா 4 எண்ணி இழுங்க, கை மேல எழும்பணும், 6 எண்ணி விடுங்க, நடுவுல தம் கட்டாதீங்க. தினம் 10 நிமிஷம் போதும். தலை சுத்துனா நிறுத்திடுங்க. ஆனா "பிராணாயாமம் பண்றேன், மாத்திரைய விட்டுட்டேன்"னு மட்டும் வராதீங்க, எனக்கு பிபி ஏறுது!

யூடியூப் பாத்து வயித்த உள்ள இழுத்து மூச்ச வேகவேகமா வெளிய தள்ளுற கபாலபாதி பண்றதும் எல்லாருக்கும் ஆகாது, விழித்திரையில ரத்தக் கசிவு உள்ளவங்க, பிபி கண்ட்ரோல்ல இல்லாதவங்க, ஹெர்னியா உள்ளவங்க, கர்ப்பிணிங்க இவங்கல்லாம் தொடவே வேணாம்.

இன்சுலின், கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரை எடுக்குறவங்க இத நல்லா கவனிங்க. திடீர்னு படபடப்பு, கை நடுக்கம், வேர்வை வந்தா அது டென்ஷன்னு நினைச்சு கண்ண மூடி மூச்சு இழுத்துட்டு உக்காராதீங்க, லோ சுகருக்கும் இதே அறிகுறிதான். முதல்ல குளுக்கோமீட்டர எடுங்க, 70க்கு கீழ இருந்தா 3 டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி உடனே குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க, மீட்டர் கையில இல்லன்னாலும் சர்க்கரையக் குடிச்சிடுங்க.

இன்னொண்ணு, சுகர் ரொம்ப ஏறி, வாந்தி, வயித்து வலியோட மூச்சு தானாவே ஆழமா வேகமா வாங்குது, வாயில பழ வாசனை அடிக்குதுன்னா அது கீட்டோஅசிடோசிஸா, அதாவது இன்சுலின் பத்தாம ரத்தத்துல அமிலம் சேர்ற ஆபத்தான நிலையா இருக்கலாம், எந்தப் பயிற்சியும் பண்ணிப் பாக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, 108க்கு போன் போடுங்க.