விசுவாசத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்து நன்றாகத் தேறி வந்தவர், "ஆண்டவர் சுகம் தந்துவிட்டார்" என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கணவர் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. வேதாகமப் பைக்குள் மாத்திரை அட்டைகள், பிரிக்காமல் அப்படியே. "எனக்கு விசுவாசம் போதாதா டாக்டர்?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் மனதில் விதைத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

நானும் ஜெபிக்கிறவன்தான். தேவனை நம்பி இளைப்பாறுகிறவருக்குப் பதற்றமே வராது என்று யார் சொன்னது? படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதுகூடக் காரணமாக இருக்கலாம். அதை ரத்தப் பரிசோதனை காட்டும், கண்டித்துப் பேசுவது காட்டாது.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்துக்கொண்டார். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கியவரை எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். தேவன் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுப்பதாக வாக்கு வந்தது. அதற்குப் பிறகும் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. ஜெபமும் மருந்தும் வேதாகமத்தின் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கின்றன.

131ஆம் சங்கீதம் மூன்றே வசனம். அதில் தாவீது தன் ஆத்துமாவுக்கு ஒப்பிடும் பால் மறந்த குழந்தையைக் கவனியுங்கள். பால்குடி மாறாத பிள்ளை மடியில் ஏறியதும் மார்பைத் தேடும், கிடைக்காவிட்டால் வீறிடும். பால் மறந்த பிள்ளை அதே மடியில் ஒன்றும் கேட்காமல் சாய்ந்திருக்கும். எத்தனையோ ராத்திரி அழுது அடங்கித்தான் அந்த நிலைக்கு வந்திருக்கும். அதற்கு முந்தின வசனத்தில், தனக்கு மிஞ்சின காரியங்களில் தலையிடுவதில்லை என்கிறார் தாவீது. "இந்த மாதத்துக்குள், மருந்தில்லாமல், நான் கேட்டபடியே குணமாக்கும்" என்று தேவனுக்கே கெடு வைப்பது வேறென்ன? மருத்துவர் மூலம் வரும் சுகத்தையும் அவர் கொடுத்ததாக வாங்கிக்கொள்ளத் தாழ்மை வேண்டும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே சில வாரம் பிடிக்கும். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வோம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும், குமட்டும், எரிச்சல் வரும். சிலவகைத் தூக்க மாத்திரைகளை நெடுநாள் போட்டுவிட்டு அப்படி நிறுத்தினால் வலிப்பே வரலாம். நிறுத்த ஆசையா, வந்து சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்போம். உபவாசம் இருப்பதற்கு முன் கேளுங்கள். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஆபத்தாக ஏறிவிடும்.

போதகர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஜெபித்து முடித்ததும் "மாத்திரை போட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் பத்து முறை சொல்வதைவிட நீங்கள் ஒருமுறை சொன்னால் எடுபடும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அடுத்த கூட்டம்வரை பொறுக்காதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஜெபத்தைப் போகிற வழியில் வண்டியிலேயே செய்யலாம்.