கணினி கடைசியில் வரட்டும்: மாதிரி ரயிலை டிஜிட்டலுக்கு மாற்றுபவர்களுக்கு

போன மாதம் பெரியவர் ஒருவர் டீசல் என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எச்.ஓ. அளவு, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. மேலிருந்து பார்த்தால் பழுது எதுவும் தெரியவில்லை. திருப்பினேன். பின்பக்க போகியின், அதாவது அடியில் சக்கரங்களைத் தாங்கும் பகுதியின், பிளாஸ்டிக் சட்டம் மெழுகு மாதிரி உருகி வளைந்து, ஒரு சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தது. சக்கரத்தின் விளிம்பில் நகக்கண் அளவுக்குக் கறுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் எரிந்த வாடை இன்னும் இருந்தது.

"டீகோடர் போயிடுச்சுன்னு நினைக்கிறேன் சார். தண்டவாளம் ரெண்டாப் பிரியுற பாயிண்ட்டில் தடம் இறங்கி நின்னிருக்கு. நான் பக்கத்து அறையில் இருந்தேன். லேப்டாப்தான் ஓட்டிக்கிட்டு இருந்தது" என்றார்.

டீகோடர், அதாவது என்ஜினுக்குள் இருந்து கட்டளையைக் கேட்டு மோட்டாரை ஓட்டும் சின்ன மின்பலகை, போகவில்லை. சோதனைத் தண்டவாளத்தில் வைத்ததும் விளக்கு எரிந்தது, முகவரியைச் சரியாகச் சொன்னது. பழுது அவர் வீட்டில் தண்டவாளம் பதித்த பலகைக்கு அடியில் இருந்த வயரில்தான் இருந்தது.

பலகைமேல் அமைக்கும் மாதிரி ரயில் பாதைகளுக்கு, அதாவது லேஅவுட்டுகளுக்கு, டிஜிட்டல் இணைப்பு போட்டுக் கொடுப்பதும், மற்றவர்கள் போட்டதைச் சரிசெய்வதும் என் தொழில். வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த மென்பொருள் நல்லது? நான் திருப்பிக் கேட்பது, பலகைக்கு அடியில் என்ன வயர் போட்டிருக்கிறீர்கள் என்று. கையால் ஓட்டும்போது தண்டவாளத்தில் ஏதாவது கோளாறு என்றால் உங்கள் கண் பார்த்துவிடும், கை நிறுத்திவிடும். கணினியிடம் ஓட்டக் கொடுத்த பிறகு அந்தக் கண்ணும் கையும் அங்கே இல்லை. அதனால், மனிதர் இருந்தவரை மன்னிக்கப்பட்ட குறைகள் எல்லாம் அதன் பிறகு பழிவாங்கும்.

பழைய முறையில் தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றினோம். ரயில் நின்றால் தண்டவாளத்திலும் மின்சாரம் இல்லை. டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல் எனும் டி.சி.சி. முறையில் அப்படி இல்லை. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம், எச்.ஓ. அளவுக்குச் சுமார் 15 வோல்ட், இருந்துகொண்டே இருக்கும். அது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும். அந்த மாற்றத்தில்தான் செய்தி இருக்கிறது. அரை அலை 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது ஒன்று; 100 மைக்ரோ நொடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் பூஜ்யம். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் இருக்கும் டீகோடர் தன் முகவரிக்கு வந்த செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனத்தில் உருவான இந்த முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் டீகோடர் இன்னொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசுகிறது.

வசதிதான். ஆனால் பழைய கன்ட்ரோலர் பெரும்பாலும் ஒரு ஆம்பியர் சுற்றளவில்தான் கொடுத்தது. டி.சி.சி. பெட்டி 5 ஆம்பியர் வரைகூடக் கொடுக்கும். சக்கரம் தடம் இறங்கி இரண்டு தண்டவாளத்தையும் தொட்டால், அந்த ஐந்தும் அந்தச் சக்கரம் வழியாகப் போகப் பார்க்கும். பெட்டி உடனே ஷார்ட்டை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த போகி காட்டியது.

அவர் வீட்டுக்குப் போனேன். நான் எங்கே போனாலும் முதலில் செய்வது நாணயச் சோதனை. என்ஜின்களை எல்லாம் எடுத்துவிட்டு, மின்சாரத்தைப் போட்டு, இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை ஒரு கணம் வைப்பது. பெட்டி உடனே நிறுத்த வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், டக்கென்று நிறுத்தியது. இரண்டு மீட்டர் தள்ளி வைத்தேன், நிறுத்தியது. பலகையின் மறுகோடியில், அந்த என்ஜின் நின்ற பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாணயத்தின் ஓரத்தில் சின்னப் பொறி வந்தது, பெட்டியின் பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று நாணயத்தை எடுத்தேன். விரலில் சூடு தெரிந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

கணக்கு எளிது. மெல்லிய வயர், லேஅவுட் முழுவதற்கும் இரண்டே இடத்தில் இணைப்பு, மற்றதெல்லாம் தண்டவாளங்களைச் சேர்க்கும் சின்ன உலோக இணைப்பான்கள் வழியாகவே. தளர்ந்த இணைப்பான் ஒவ்வொன்றும் கொஞ்சம் தடையைச் சேர்க்கும். எல்லாம் சேர்ந்து 4 ஓம் ஆகிவிட்டால், முழு ஷார்ட்டிலும் 15-ஐ நான்கால் வகுத்து 3.75 ஆம்பியர்தான் ஓடும். 5 ஆம்பியர் பெட்டி அதை ஷார்ட்டாகவே நினைக்காது. நிறைய ரயில் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளும். வீணாகும் வெப்பமோ மொத்தம் 56 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்டில் ஈயத்தையே உருக்குகிறது. இந்த 56 வாட்டில் ஒரு பகுதி சக்கரத்தின் விளிம்பில் குவிந்தாலே பிளாஸ்டிக் தாங்காது.

அங்கே செய்த வேலை ஒன்றும் புதிதல்ல. பலகையின் நீளத்துக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு ஜோடி இழுத்தோம். அந்த வயர் பத்து மீட்டர் போய்ப் பத்து மீட்டர் திரும்பினாலும் தடை 0.14 ஓம்தான். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கையளவு நீளத்தில் ஒரு மெல்லிய வயர், இரு முனையும் சால்டர் செய்து. இணைப்பான்களை மின்சாரத்துக்கு நம்பவே வேண்டாம். அவை தண்டவாளத்தை நேராகப் பிடித்துக்கொண்டால் போதும். ஜோடி வயரை ஒன்றோடொன்று லேசாக முறுக்கிவிட்டால் மின்னழுத்தத் துள்ளல் குறையும், டீகோடரின் ஆயுள் கூடும். அப்புறம் லேஅவுட்டை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட் பிரேக்கர். ஒரு பகுதியில் ஷார்ட் என்றால் மற்ற இரண்டும் ஓடும். இரண்டு சனி, ஞாயிறு பிடித்தது. கடைசியில் நாணயத்தை நாற்பது இடங்களில் வைத்துப் பார்த்தோம், நாற்பதிலும் நின்றது.

மீட்டரைப் பற்றி ஒரு சொல். சாதாரண மல்டிமீட்டரின் ஏ.சி. அளவு வீட்டு மின்சாரத்தின் மெதுவான அலைக்காகச் செய்யப்பட்டது. டி.சி.சி. அலை 5,000 முதல் 8,600 ஹெர்ட்ஸ் வரை போகும் சதுர அலை. மீட்டர் காட்டும் எண் சரியாக இருக்காது. ஆனால் ஒரே மீட்டரால் இந்த முனையையும் அந்த முனையையும் அளந்து ஒப்பிட்டால், எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும். அது போதும்.

இப்போது டீகோடர். பழைய என்ஜினில் டீகோடர் பொருத்தும் முன் மோட்டாரின் இரண்டு முனைகளும் சட்டத்தோடோ சக்கரத்தோடோ தொடர்பில் இல்லை என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய என்ஜின்களில் ஒரு முனை சட்டத்தையே தொட்டிருக்கும். அப்படியே டீகோடரைப் போட்டால் முதல் நொடியிலேயே கருகும். பொருத்தியதும் நேராகப் பெரிய தண்டவாளத்தில் வைக்காமல், டீகோடரில் முகவரி முதலியவற்றை எழுதுவதற்கென்று தனியாக ஒதுக்கிய நிரல் தண்டவாளத்தில் வையுங்கள். அங்கே மின்னோட்டம் 250 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், அதனால் தப்பு இருந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். டீகோடர் பதில் சொல்வதும் ஒரு சின்ன மின்துடிப்பால்தான்: 60 மில்லி ஆம்பியர், 6 மில்லி நொடி. சக்கரத்தில் அழுக்கு இருந்தால் அந்தத் துடிப்பு வந்து சேராது. 'டீகோடர் இல்லை' என்று திரையில் வரும். பயந்துபோய்ப் புது டீகோடர் வாங்கும் முன் சக்கரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

நிரல் தண்டவாளம் ஏன் தனியாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் அனுப்பும் கட்டளைக்கு முகவரி கிடையாது. அந்தத் தண்டவாளத்தில் யார் யார் நிற்கிறார்களோ அத்தனை பேரும் கேட்டுக்கொள்வார்கள். ஒரு வீட்டில் நிரல் இணைப்பைப் பெரிய தண்டவாளத்திலேயே கொடுத்திருந்தார்கள். ஒரு என்ஜினுக்கு 27 என்று முகவரி எழுதினார்கள். நின்றிருந்த பதினோரு என்ஜினும் 27 ஆகிவிட்டன. வேகத்தைத் திருப்பியதும் பதினொன்றும் ஒன்றாகக் கிளம்பின. ஒவ்வொன்றாக எடுத்து மாற்றி எழுத ஒரு மாலை முழுவதும் ஆனது.

இன்னொன்று, பலரைப் பயமுறுத்துவது: ரயில் தானாக முழு வேகத்தில் ஓடிவிடுவது. ஷார்ட் ஆகி மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் இது நடக்கும். பல டீகோடர்கள் பழைய முறைத் தண்டவாளத்திலும் ஓடும்படி அமைக்கப்பட்டே வருகின்றன. மின்சாரம் திரும்பும் கணத்தில் அலை குழம்பினால், 'இது பழைய தண்டவாளம், 15 வோல்ட் இருக்கிறது, முழு வேகம்' என்று டீகோடர் முடிவு செய்துவிடும். டீகோடரின் நினைவில் சி.வி. 29 என்னும் அமைப்பில் அந்த அனுமதிக்கு உரிய மதிப்பு 4. அங்கே 6 இருந்தால் 2 ஆக்குங்கள். நீண்ட முகவரி வைத்த என்ஜினில் 38 இருந்தால் 34. நான் தொடும் ஒவ்வொரு என்ஜினிலும், கேட்காமலேயே, இதைச் செய்துவிடுகிறேன்.

சரி, இத்தனையும் முடிந்த பிறகு கணினி. ரயில் எங்கே இருக்கிறது என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் மின்சாரம் செலவாகிறது என்று பார்க்கும் உணரிப் பலகைகள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். என்ஜின் மின்சாரம் எடுக்கும், அதனால் தெரியும். விளக்கு இல்லாத சரக்குப் பெட்டி எடுக்காது, அதனால் தெரியாது. நீளமான சரக்கு ரயிலின் என்ஜின் அடுத்த துண்டுக்குள் போனதும், பின்னால் இன்னும் எட்டுப் பெட்டி நிற்கும்போதே அந்த இடம் காலி என்று திரை காட்டும். அடுத்த ரயில் வந்து வாலில் மோதும். இதற்கு மருந்து ஒரு சின்ன ரெசிஸ்டர்: 10 கிலோ ஓம், பெட்டியின் உலோகச் சக்கர அச்சில். 15 வோல்ட்டில் ஒன்றரை மில்லி ஆம்பியர் எடுக்கும். உணரிக்கு அது போதும். முதல் அச்சுக்கு ஒன்று, கடைசி அச்சுக்கு ஒன்று வைக்கச் சொல்வேன். அழுக்கான தண்டவாளத்தில் உணரி விட்டுவிட்டு எரியும். 'காலி' என்ற செய்தியை மட்டும் ஓரிரு நொடி தாமதித்து ஏற்கும்படி மென்பொருளில் அமைத்தால் அந்தத் தடுமாற்றம் போய்விடும்.

பாயிண்ட்டுகளில் வேறு சங்கடம். பாயிண்ட்டைத் திருப்பும், கம்பிச்சுருள் (காயில்) வைத்த மோட்டார்களுக்குக் கண நேர மின்துடிப்புதான் ஆகாரம். தொடர்ந்து சில நொடி கொடுத்தால் காயில் எரியும். மென்பொருள் துவங்கும்போது இருபது பாயிண்ட்டுக்கும் ஒரே மூச்சில் கட்டளை அனுப்பினால், துடிப்புக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் மறுபடி நிறைவதற்குள் அடுத்த கட்டளை வந்துவிடும். பாதி திரும்பும், பாதி திரும்பாது. திரையில் இருபதும் திரும்பியதாகவே இருக்கும். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே இடைவெளி வையுங்கள். முடிந்தால், பாயிண்ட்டின் நகரும் தண்டவாள முனையான நாக்கு நிஜமாகவே எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும் ஸ்விட்ச்சையும்.

மென்பொருளுக்கு நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. ஜே.எம்.ஆர்.ஐ., ராக்ரெயில், ஐ-ட்ரெயின், ட்ரெயின்கன்ட்ரோலர் எல்லாமே வேலை செய்பவை. புதிதாகத் தொடங்குபவருக்கு ஜே.எம்.ஆர்.ஐ. போதும், இலவசம், திறந்த மூலம், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலும் ஓடும். அதை உருவாக்கியவர்களில் முதன்மையான பாப் ஜேக்கப்சன் தொடுத்த வழக்கில்தான், திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தால் காக்க முடியும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொன்னது. ஒரு பொழுதுபோக்கிலிருந்து கிளம்பிய தீர்ப்பு கணினி உலகம் முழுமைக்கும் பயன்பட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் அதிகம் வலியுறுத்துவது வேறொன்றை. லேப்டாப் உறைந்துபோனால் ரயில் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. கடைசியாக வந்த வேகக் கட்டளையைக் கட்டுப்பாட்டுப் பெட்டி திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். லேப்டாப் தூங்கப் போய்விட்டாலும், இயங்குதளம் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் ஆனாலும், மின்சாரத்தை மிச்சப்படுத்த யு.எஸ்.பி. துளையை அணைத்தாலும், ரயில் போய்க்கொண்டுதான் இருக்கும். தூக்கம், தானியங்கிப் புதுப்பிப்பு, யு.எஸ்.பி. அணைப்பு மூன்றையும் முதல் நாளே நிறுத்துங்கள். கைபேசியில் ஓட்டுபவர்கள், இணைப்பு அறுந்தால் சில நொடிக்குப் பின் ரயிலை நிறுத்தும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். கணினியைத் தொடாமலே தண்டவாள மின்சாரத்தை வெட்டும் சிவப்புப் பொத்தான் ஒன்று, குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். என்ஜின் அமைப்புகளின் கோப்பை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். முகவரிப் பட்டியலை ஒரு நோட்டிலும் எழுதுங்கள்.

அந்தப் பெரியவர் வீட்டில் புது வயரிங் முடிந்த பிறகும் முதல் வாரம் ஒரே ரயில், ஒரே சுற்று, கணினி ஓட்ட, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஏழாம் நாள் நான் போனேன். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்கினேன். ரயில் போய்க்கொண்டே இருந்தது. அவர் எழுந்து பொத்தானை அழுத்தினார், நின்றது. மறுபடி மாட்டி, மறுபடி பிடுங்கி, இந்த முறை அவர் பேத்தியை அழுத்தச் சொன்னோம். உருகிய சட்டத்துக்குப் பதிலாகப் புதிது போட்டு அந்த டீசல் என்ஜினை அன்றுதான் திருப்பிக் கொடுத்தேன்.